பசுமைப் பெரியவரின் சால்வை

பசுமைப் பெரியவர் வந்து இறங்கியதிலிருந்து சாயப்பட்டறை முதலாளிகளுக்கு ஆசையில் சோறு இறங்கவில்லை. கால்வாயில் ஓடும் சிவப்புத் தண்ணீரைக் கைப்பிடிப் பொடியால் பளிங்காக்கிவிடுகிறாராம். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். மூளையும் வேண்டாம் என்பதை மட்டும் விளம்பரத்தில் போட மறந்துவிட்டார்கள்.

முதலாளிகள் சங்கக் கூடத்தில் அன்று எள் விழ இடமில்லை. முன்வரிசையில், முதல் நாற்காலியில், கால்வாய் முனைப் பட்டறைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் பட்டறைத் தண்ணீர் வருஷக்கணக்காகச் சிவப்பாகத்தான் ஓடியது. அதற்காக அவர் ஒருநாளும் தூக்கத்தை விட்டதில்லை. போன மாதம் கடல் தாண்டித் துணி வாங்கும் கம்பெனி ஒரு வார்த்தை சொன்னது: உங்கள் கழிவுத் தண்ணீரை எடுத்துச் சோதிப்போம், தேறாவிட்டால் ஆர்டர் இல்லை. அன்று ராத்திரியே அவருக்கு இயற்கை மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த ஆர்டர் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு முன்பணமாகச் செக் எழுதியாகிவிட்டது, பெயர் மட்டும் போடவில்லை. ஆனால் அந்தச் செக் இப்போது இயந்திரக்காரரிடம் போகாமல், அவர் சட்டைப் பையில் பெரியவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவருடைய தங்கை. பட்டறையில் பங்குதாரர், நிறம் பார்க்கும் அறைக்குப் பொறுப்பு.

"அண்ணே, அந்த செக் மெஷினுக்குன்னு பேசித்தானே எழுதினோம்?"

"மெஷின் வச்சா கரண்ட் பில்லு, ஆளு, அடியில தங்குற சேறு. இவரு பொடியை அடைச்சுத் தர்ற குடுவையைக் குழாய் வாயில தொங்கவிட்டாப் போதுமாம். எதிர்ப் பட்டறைக்காரன் ரெண்டு குடுவை சொல்லிட்டான்."

"அவன் ரெண்டு சொன்னா நமக்கு மூணா?"

"மூணு வாங்கினா வாசல்ல மாட்டப் பச்சைப் பலகை பெரிசா தர்றாங்களாம்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரியவர் வந்தார். பச்சைச் சால்வை, பச்சைச் செருப்பு, சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. அவர் வந்த கார் மட்டும் வாசலில் கறுப்புப் புகையைக் கக்கியது. காருக்குள் இருந்த கெட்ட சக்தி வெளியேறுகிறது என்று ஒரு முதலாளி பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். பக்கத்தில் இருந்தவரும் பயபக்தியோடு அந்தப் புகையை இழுத்துக்கொண்டார்.

சீடர்கள் கூடம் முழுவதும் பன்னீர் தெளித்தார்கள். மேசைமேல் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் கால்வாய் முனைப் பட்டறையில் காலையில்தான் பிடித்த சிவப்புத் தண்ணீர்.

"தண்ணிக்கு மனசு இருக்கு," என்றார் பெரியவர். "நீங்க அதைக் காயப்படுத்திட்டீங்க. நான் சமாதானம் பண்றேன்."

கண்ணை மூடினார். பொடியை அள்ளிப் போட்டார். சீடன் கலக்கினான். சிவப்பு ரோஜா நிறமானது. ரோஜா மங்கியது. கொஞ்ச நேரத்தில் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற சீடனின் பொத்தான் கூடத் தெரிந்தது. கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. பட்டறைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "அண்ணே, பன்னீருக்கு அடியில ஒரு வாசனை வருது பாரு."

"தெய்வீக வாசனை."

துணியை வெளுக்கும்போது அங்கிருந்த அத்தனை பேர் பட்டறையிலும் தினமும் குப்பென்று அடிக்கிற வாசனைதான் அது. ஆனால் தலை குனிந்தால் மூக்கும் குனிந்துவிடும் போலிருக்கிறது. ஒருவருக்கும் பிடிபடவில்லை.

தங்கை எழுந்தாள். "ஐயா, இந்தத் தண்ணி இப்போ சுத்தமா?"

"பச்சைக் குழந்தைக்கு ஊட்டலாம்."

"அப்போ ஒரு வாய் குடிங்களேன்."

"நான் காத்தைத் தவிர எதையும் உள்ள எடுக்கிறதில்ல," என்றார் பெரியவர். அவருக்கு எதிரே பாதி குடித்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"சரி, குடிக்க வேணாம். உங்க சால்வை நுனியை மட்டும் இதுல நனைச்சு எடுத்துக்கிறோம். ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கல்லாவில வச்சுப்போம்."

பெரியவர் சால்வையை இறுக்கிப் பிடித்தார். ஆனால் கூட்டத்துக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. "ஆமாங்கய்யா, எனக்கு ஒரு துண்டு", "எனக்கு ரெண்டு" என்று முண்டியடித்தார்கள். பக்தி முற்றிப்போன பட்டறைக்காரரே தோளிலிருந்து சால்வையை உருவி, கண்ணில் ஒற்றி, பாதிவரை தொட்டிக்குள் அமுக்கினார்.

பச்சை இளம்பச்சையானது. இளம்பச்சை மஞ்சளானது. வெளியே எடுத்தபோது நனைந்த பாதி வெள்ளைவெளேரென்று தொங்கியது. நம் மொழியில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு. சொல்ல வேண்டிய அவசியமில்லை, எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

பின்வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இது பிளீச்சிங் பவுடர்ல?"

"நம்ம குடோன்ல மூட்டை மூட்டையா கிடக்கிறதுதான்," என்றாள் தங்கை. "கலர் போச்சு, சரி. விஷம் எங்க போச்சு? இப்போ பவுடரும் சேர்ந்து ரெண்டு விஷம். சோதிக்க வர்றவங்க கண்ணால பார்க்கப் போறதில்லண்ணே, கருவி வச்சுப் பார்க்கப் போறாங்க."

"பச்சையை இயற்கை திரும்ப வாங்கிக்கிச்சு," என்று பெரியவர் ஒரு கடைசி முயற்சி செய்தார். பின்வாசல் பக்கம் போய்க்கொண்டே செய்ததால் அவ்வளவாக எடுபடவில்லை. கறுப்புப் புகை தெருமுனைவரை தெரிந்தது.

பட்டறைக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறந்ததிலிருந்து துணி வெளுக்கிற குடும்பம். செக்கை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தார். "நீயே கொண்டுபோய்க் குடுத்துடு. என் கையில இருந்தா நான் வேற யார்கிட்டயாவது நீட்டிடுவேன்."

இயந்திரம் வந்தது. சோதனையில் தண்ணீர் தேறியது, ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அதைப் பார்த்த எதிர்ப் பட்டறைக்காரர் இன்னும் பெரிய இயந்திரமாக வாங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஒருவரும் கால்வாய்மேல் உள்ள காதலால் வாங்கவில்லை. ஆர்டர் போய்விடும் என்ற பயமும் அடுத்தவன் வாங்கிவிட்டானே என்ற வயிற்றெரிச்சலும்தான். கால்வாய் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அது பாட்டுக்குத் தெளிந்து ஓடுகிறது.

பாதி பச்சை, பாதி வெள்ளைச் சால்வையைச் சங்கக் கூடத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே போன வாரம் ஒருவர் வந்து உட்கார்ந்தார். புகைபோக்கியில் ஒரு கல்லைக் கட்டினால் புகை மணக்குமாம். முன்வரிசை அதற்குள் நிரம்பிவிட்டது. ஐயாமார்களே, கொஞ்சம் மூக்கைத் திறங்கள். அது போதாவிட்டால் மூக்குக்கு மேலே இருப்பதையும் திறந்து பாருங்கள். அதற்கு யாரிடமும் முன்பணம் கட்ட வேண்டியதில்லை.