குடிபூராத வீட்டுக்கு வாடகை

வீடு வாடகைக்கு விட நினைப்பவர்கள் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவதுண்டு. நான் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன், இதுவரை யாரும் என் மேல் வழக்குப் போடவில்லை என்பதால் எனக்கு அந்தத் தகுதி வந்துவிட்டது. வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வாடகைக்கு விடும் வீடு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான். இதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கு இருபத்துநான்கு வயதில் இதை யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு.)

நான் வாடகைக்கு விட்ட முதல் வீடு என் அக்காவின் சீதன வீடு. எண்பத்துமூன்றாம் ஆண்டு புரட்டாதியில் அப்பா அதைப் புத்தூரில் கட்டி முடித்தார். நாங்கள் இருந்தது மீசாலையில். தையில் குடிபூரல், பங்குனியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். குடிபூரல் என்றால் பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே விட்டு, ஐயரைக் கொண்டு பூசை செய்து, புது அடுப்பில் பால் பொங்க வைத்து வீட்டுக்குள் குடிபோவது. அதற்கு முன்னர் அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி கூட வைக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் நாய்க்கும் தெரிந்த விஷயம் இது.

உயர்தரப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டுச் சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் அப்பா வீட்டுக் கதவின் திறப்பைக் கொடுத்தார்.

"மரங்களுக்குத் தண்ணி ஊத்து. வேறை ஒண்டும் செய்யாதை."

ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அடிபட்டுக் கப்பலில் வந்து இறங்கிய சனம் வீடு தேடித் திரிந்த காலம் அது. இராசரத்தினம் ஐயாவும் மனைவி மனோன்மணியும் அப்படி வந்தவர்கள். அவர் இளைப்பாறிய தபாலதிபர். இருந்த வீடு எரிந்துபோக, இரண்டு சூட்கேசுகளுடன் வந்திருந்தார்கள். அவர்களிடம் நான் முற்பணம் கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு என் மண்டைக்குள் ஓடியது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும்தான்.

திறப்பை வாங்கும்போது அந்த அம்மா கேட்டார்.

"தம்பி, வீடு குடிபூந்திட்டியளோ?"

"ஓம், எல்லாம் முடிஞ்சுது."

தையில் வீடு எங்களுக்குத் தேவை என்றேன், அதற்கு முன்னர் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று ஐயா சொன்னார். பார்க்கத்தான் செய்தார், கிடைக்கவில்லை. அதற்கிடையில் மாரி தொடங்கிவிட்டது. ஒவ்வொரு கிழமையும் நான் போகும்போது அவர் வாசலிலேயே நிற்பார்.

"தம்பி, குசினிக்கை ஒழுகுது. அடுப்புக்கு நேர மேலை."

"மேசன் நாளைக்கு வருவார் ஐயா."

இப்படியொரு வேலை இருப்பதே மேசனுக்குத் தெரியாது. அவரைக் கூப்பிட்டால் செய்தி அன்று பின்னேரமே அப்பாவின் காதுக்குப் போய்விடும். நாலாம் கிழமை எனக்கே மனச்சாட்சி குத்தியது. இன்னொரு வாளி வாங்கிக் கொடுத்தேன்.

தை பிறந்தது. குடிபூரலுக்கு மூன்று நாள் இருக்கும்போதும் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். உண்மையைச் சொல்லும் யோசனை எனக்கு வரவேயில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஒஸ்ரின் கார் பிடித்து, "ரெண்டு பேரும் ஒருக்கா கீரிமலைக்குப் போய் முழுகி, சிவனைக் கும்பிட்டிட்டு வாருங்கோ, செலவு என்ரை" என்று சொன்னேன். மனோன்மணி அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்கு இப்ப ஆர் தம்பி இப்பிடிச் செய்வினம்" என்றார். நானும் நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

குடிபூரலன்று காலை ஆறு மணிக்குக் கார் புறப்பட்டது. கட்டில், நுளம்புவலை, சட்டி பானை எல்லாவற்றையும் கடைசி அறைக்குள் தள்ளி, அடுப்பை மெழுகி, கதவைச் சாத்தினேன். எட்டு மணிக்கு வந்த என் அம்மாவிடம், அந்த அறைக்குள் பெயின்ற் காயவில்லை, யாரும் போக வேண்டாம் என்றேன். அம்மா வீடு மணக்கிறது என்று சந்தோஷப்பட்டார். (அது முதல் நாள் இரவுக் கருவாட்டுக் குழம்பை மறைக்க நான் போட்ட சாம்பிராணி.)

மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் வந்திருந்தார்கள். வீட்டை அவர்கள் உள்ளே வந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் தாயார் முந்தி ஒரு சம்பந்தத்தைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று சொல்லி நிறுத்தியவர். அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. மாப்பிள்ளையை அவளுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

பசு மரியாதையாக உள்ளே வந்தது. விறாந்தையைத் தாண்டியது, சாமி அறையைத் தாண்டியது. பிறகு மூக்கை உயர்த்தி ஒரு தடவை மோந்தது. மனோன்மணி அம்மா அந்தக் கடைசி அறைக்குள் ஒரு கதலி வாழைக்குலை தொங்க விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பசு கவனித்துவிட்டது. கதவை நெற்றியால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உள்ளே போய் ஆறுதலாகச் சாப்பிடத் தொடங்கியது.

பின்னால் வந்த எல்லோரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கட்டில், கொடியில் சேலைகள், மூலையில் ஒரு ஊன்றுகோல்.

"உதுக்குள்ளை ஆர் இருக்கினம்?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

"மேசன்மார்" என்றேன்.

"மேசன்மார் சீலையோ கட்டுறவை?"

அந்த நேரம் பார்த்து, கீரிமலைக்குப் போன கார் வெளியே வந்து நின்றது. பலாலிப் பக்கம் ஆமிக்காரர் பாதையை மறித்துவிட்டார்களாம். உள்ளே வந்த இராசரத்தினம் ஐயா வாழைமரம் கட்டிய வாசலையும் ஐயரையும் தன் அறைக்குள் நின்ற பசுவையும் பார்த்தார். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர், விலாசம் பிழைத்த காரியத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார் போல. அவருடைய மனைவிதான், "நாங்கள் ஐப்பசியிலை இருந்து இஞ்சை வாடகைக்கு இருக்கிறம்" என்று சொல்லிவிட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா மட்டும் மாப்பிள்ளையின் தாயாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் நான் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது.

மாப்பிள்ளையின் தாயார் என்னை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நேரே இராசரத்தினம் ஐயாவிடம் போனார்.

"அண்ணை, மாரி முழுக்க இருந்தனியள். உண்மையைச் சொல்லுங்கோ. வீடு ஒழுகுமோ?"

அக்காவின் கல்யாணம் அப்படியே, நான் மாரி முழுக்க வாளி கொடுத்து ஏமாற்றிய மனிதரின் வாயில் போய் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நல்ல வீடு. குசினிக்கை மட்டும் ஒரு ஓடு விலகிக் கிடக்கு. இண்டைக்குத் தானே ஏறிச் சரிப்பண்ணித் தாறனெண்டு தம்பி சொன்னவர்." என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி?"

"ஓம்" என்றேன்.

"அப்ப ஏறுங்கோவன். பால் பொங்கிறதுக்கிடையிலை முடிஞ்சிடும்."

அப்பா கையை நீட்டிக் காட்டினார். "ஏணி பின்னுக்குக் கிடக்கு."

பட்டு வேட்டியுடன் கூரையில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. வேட்டியை ஒரு கையால் பிடித்தால் கூரையைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். விலகிய ஓட்டைக் கண்டுபிடித்தேன். அதை நகர்த்த, பக்கத்து ஓட்டில் காலை ஊன்றினேன். அது உடைந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த இரண்டும் கூடவே உடைந்தன. என் வலது கால் தொடை வரை குசினிக்குள் இறங்கியது. மிச்சம் நான் வெளியே, வானத்தைப் பார்த்தபடி.

கீழே அதே நேரத்தில் பால் பொங்கியது. படம் பிடிக்க வந்தவர் அந்த நேரத்துக்காகவே கமராவை நீட்டிக்கொண்டு நின்றவர், பிடித்துவிட்டார். எல்லோரும் மேலே பார்த்ததில் பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று யாரும் காணவில்லை. கிழக்காலைதான் என்று ஐயர் சொன்னார், அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம். மாப்பிள்ளையின் தாயார், "வேலை தெரியாத பொடியன். ஆனா சொன்னால் ஏறுறான்" என்றார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

நான் வாங்கிய வாடகையை அப்பா ஒரு சதம் குறையாமல் இராசரத்தினம் ஐயாவிடம் திருப்பிக் கொடுத்தார். அவர்களுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீடும் பிடித்துக் கொடுத்தார். என்னுடன் அப்பா பேச ஆனிவரை ஆனது. இன்றைக்கு என் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒழுகுது என்று ரெலிபோன் எடுத்தால், வைத்த கையோடு மேசனைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன். ஏணிக்குக் கிட்டப் போக மனைவி விடுவதில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அக்கா சாமான்களை விட்டுவிட்டு குடிபூரல் அல்பத்தைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு போய்ப் பார்த்தால் வீட்டில் சுவர் மட்டும்தான் நின்றது, ஓடு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக் கூரையில் எங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படம். அதில் கீழே பால் பொங்குகிறது, மேலே என் கால் தொங்குகிறது.

அக்கா இப்போதும் அதைப் பார்த்தால் முதலில் சிரிப்பாள், பிறகு அந்தக் கூரையை விரலால் தடவிப் பார்ப்பாள். யாராவது புதிதாக வந்து, அந்த அழகான வீட்டுக் கூரையைச் சண்டை தின்றுவிட்டதே என்று கவலைப்பட்டால் அத்தான், அன்றைய மாப்பிள்ளை, விட மாட்டார்.

"சண்டை பிறகுதான் வந்தது. துவக்கி வைச்சது என்ரை மச்சான்" என்று சொல்லி அந்தப் படத்தை எடுத்து நீட்டுவார்.