ராஜினாமா அன்ரியும் கௌரவ உறுப்பினரும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில், ஒரு தடவையாவது பதவி விலகும்படி கேட்கப்படாத மனிதர் எவரும் கிடையாது. கேட்பவர் எப்போதும் ஒருவர்தான். ராஜினாமா அன்ரி. இப்போது மகளோடு மெல்பேர்னில் இருக்கிறார். அங்கே யார் யார் பதவி இழந்தார்களோ தெரியாது.

எங்கள் தொடர்மாடியில் லிப்ட் நின்றால் செயலாளர் விலக வேண்டும். கோயில் பொங்கலில் சர்க்கரை குறைந்தால் தர்மகர்த்தா விலக வேண்டும். ஒருமுறை முதல்நாள் மீனை அன்றைய மீனென்று விற்ற மீன்காரரையும் விலகச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தான் எந்தப் பதவியில் இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

அன்ரி ஏதோ ஒரு திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அரசியல் தத்துவம் ஒரு மூச்சில் சொல்லி முடிகிற அளவு.

"கதிரையில இருக்கிறவர் பிழை விட்டால் முதல்ல எழும்பவேணும். விளக்கத்தை நிண்டுகொண்டு சொல்லலாம்."

இந்தத் தத்துவத்துக்கு ஏற்ற ஆள் கடைசியில் அகப்பட்டார். எங்கள் வாக்கில் பாராளுமன்றம் போன கௌரவ உறுப்பினர். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண்பிள்ளை அவருடைய அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறாள். நியமனக் கடிதம் வேண்டுமென்றால் ஹோட்டல் அறைக்குத் தனியாக வரும்படி உறுப்பினர் போனில் சொல்லியிருக்கிறார். பிள்ளை அதைப் பதிவு செய்து பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாள். எப்படியோ குரல் எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் உலாவியது.

உறுப்பினர் முதலில் அந்த போன் தன்னுடையதல்ல என்றார். பிறகு, போன் தன்னுடையது, குரல் கம்ப்யூட்டர் செய்தது என்றார். அதற்கும் பிறகு, குரல் தன்னுடையதுதான், ஆனால் ஒரு தகப்பனின் பாசத்தோடு கூப்பிட்டதாகச் சொன்னார். கட்சி கடும் விசாரணை நடத்தும் என்று அறிவித்தது. விசாரணைக் குழுவின் தலைவர் அவருடைய மைத்துனர்.

எங்கள் ஒழுங்கையும் தன் பங்குக்கு விசாரித்தது. "அவள் ஏன் வேலை கேட்டுத் தனியப் போனவள்?", "ரெக்கோர்ட் பண்ணிறதெண்டால் திட்டம் போட்டுத்தானே?" எல்லாக் கேள்விகளும் பிள்ளையை நோக்கியே போயின. கூப்பிட்டவரிடம் கேட்க ஒருவரிடமும் கேள்வி இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் நலன்புரிச் சங்கம் மகளிர் தின விழா வைத்தது. பிரதம விருந்தினர், அதே கௌரவ உறுப்பினர். பேச்சின் தலைப்பு, 'பெண்மையைப் போற்றுவோம்'.

அன்ரி நேரே சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் ஓய்வு பெற்ற இன்ஜினியர், மரியாதையான மனிதர்.

"அன்ரி, கோர்ட் இன்னும் அவரைக் குற்றவாளி எண்டு சொல்லேல்லையே."

"உங்கட வீட்டுக்குப் பைப் திருத்த வாறவன் உங்கட மகளிட்ட இப்பிடிக் கதைச்சால், கோர்ட் சொல்லும்வரைக்கும் உள்ள விடுவியளோ?"

"அது வேற, அன்ரி. இவர் எம்பி."

"ஓம். அதுதான் நானும் சொல்லிறன்."

தலைவரையும் ராஜினாமாச் செய்யச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளை உடுப்பில் உறுப்பினர் வந்தார். ஆரத்தி எடுத்தார்கள், மாலை போட்டார்கள். அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்வரிசையில் இருந்த வயதான பெண்களிடம் இறங்கி வந்து நலம் விசாரித்தார். தேர்தலில் பழகிய பழக்கம்.

"எப்பிடி அம்மா, சுகமா இருக்கிறியளோ?"

"சுகம். எப்ப ராஜினாமா?"

ஒலிவாங்கி அன்ரியின் வாய்க்கு நேரே இருந்தது. மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது.

உறுப்பினர் சிரித்தார். "அம்மா பகிடி விடுறா."

"பகிடி இல்லைத் தம்பி. அந்தக் குரல் உங்கடயோ இல்லையோ?"

"அதைக் கட்சி விசாரிக்குது, அம்மா."

"உங்கட குரல் உங்களுக்குத் தெரியாதோ? கட்சிதான் சொல்லவேணுமோ?"

எங்கோ பின்னால் ஒருத்தி சிரித்தாள். பிறகு பலர் சிரித்தார்கள். உறுப்பினரின் முகம் மாறியது. "அது என்ர தனிப்பட்ட வாழ்க்கை" என்றார்.

"தனிப்பட்ட வாழ்க்கையெண்டால் அந்தப் பிள்ளை உங்கட வீட்டுக்கு வந்திருப்பாள். அவள் வந்தது நாங்கள் வாக்குப் போட்டுத் தந்த கதிரைக்கு முன்னால. அதை வைச்சுத்தானே கூப்பிட்டனீங்கள்?"

தலைவர் ஓடிப்போய் ஒலிவாங்கியை நிறுத்தினார். அன்ரிக்கு அது தேவைப்படவும் இல்லை. சற்று முன் ஆரத்தி எடுத்த பெண்தான் முதலில் எழுந்து வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் முன்வரிசை முழுவதும் போனது. உறுப்பினர் மிச்சமிருந்த ஆண்களுக்குப் பெண்மையின் பெருமையை விளக்கிவிட்டுப் புறப்பட்டார்.

அவர் விலகினார் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் அதே கதிரையில்தான் இருக்கிறார். அண்மையில் சபையில் ஒழுக்கம் பற்றி உருக்கமாகப் பேசினாராம், சக உறுப்பினர்கள் மேசையில் தட்டினார்களாம். ஆனால் ஒன்று நடந்தது. பயத்தில் முறைப்பாட்டை மீளப் பெற இருந்த அந்தப் பிள்ளை, மண்டபத்துக் கதை காதுக்கு எட்டியதும் அன்ரியைத் தேடி வந்தாள். வாக்குமூலம் கொடுக்கப் போகும்போது துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

அன்ரி போனார். நானும் போனேன். பிள்ளை உள்ளே இருந்த நேரமெல்லாம் அன்ரி பொலிஸ் நிலையத்து மர வாங்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வந்து போன அதிகாரிகள் ஒருவரையும் விலகச் சொல்லவில்லை. பிள்ளை வெளியே வந்ததும், "சாப்பிட்டனியோ?" என்று மட்டும் கேட்டார்.

அவளைக் கொட்டாஞ்சேனையில் விட்டுவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி, காலிக்குப் போகும் பெருவீதியைக் கடக்கும்போது அன்ரி என் கையைப் பிடித்தார். எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

"பயமோ, அன்ரி?"

"பயமில்லாமல் என்ன? அவங்களிட்ட ஆளிருக்கு, வாகனமிருக்கு. நான் தனிய இருக்கிறனான்."

"பிறகேன் போனீங்கள்?"

"அந்தப் பிள்ளைக்கு என்னை விடப் பயமா இருந்திருக்குமே, தம்பி."

வீதியைக் கடந்து முடித்த பிறகும் நான் அந்தக் கையை விடவில்லை.