மிஸிஸ் ஹாரிஸின் பிரெஞ்சு அலுமாரி

மெரிலேண்ட்ஸ், சிட்னி
செப்டெம்பர் 1975

பேரன்புமிக்க அம்மாவுக்கு,

மகன் அரியரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மருமகள் இரஞ்சிதமும் சுகம். வயிற்றுப் பிள்ளையும் நன்றாக உதைக்கிறது. நீங்களும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்கு வீடு இருக்குமோ தெரியவில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"வீட்டில ஆக வடிவான அலுமாரியில சாமியை வை, வெள்ளிக்கு வெள்ளி மஞ்சள்தண்ணியால துடைக்கச் சொல்லு, என்ர பெட்டகத்தையும் கப்பலில அனுப்புறன்" என்று எழுதியிருந்தீர்கள். இந்த வாடகை வீட்டில் வீட்டுக்காரி மிஸிஸ் ஹாரிஸ் விட்டுப்போன பிரெஞ்சு அலுமாரிதான் ஆக வடிவு. ஏதோவொரு லூயி மன்னர் காலத்து மோஸ்தரில் பாரிஸ் தச்சர்கள் செய்ததாம். தொந்தி வயிறு, வளைந்த கால், மேலே சலவைக்கல், முன்பக்கம் முழுக்க மெல்லிய மரத்தகடுகளை வெட்டி ஒட்டிய ரோசாப்பூக்கள், கிளிகள். நான்கு மூலையிலும் பொன்பூச்சு வெண்கலப் பெண்கள். உடம்பில் ஒரு நூல் இல்லை. "முருகனுக்கு முன்னால இப்பிடியே நிக்கிறது?" என்று இரஞ்சிதம் அவர்களுக்குச் சிவப்புச் சட்டை தைத்துப் போட்டாள். அதோடு விட்டிருந்தால் புண்ணியம். மஞ்சள்தண்ணி பட்டுப் பட்டு தகடுகளை ஒட்டியிருந்த வச்சிரப் பசை இளகி, ஒரு வெள்ளிக்கிழமை தீபாராதனை நேரத்தில் ஒரு ரோசா தானாகக் கழன்று விழுந்தது. சாமி பூக் கொடுத்துவிட்டார் என்று இவள் கும்பிட்டாள். நான் எஞ்சினியர் அல்லவா, சோற்றுப்பசையால் ஒட்டி அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்தேன். மூட்டையை எடுக்க அதோடு மூன்று பூவும் ஒரு கிளியும் வந்துவிட்டன. பசைக்கு எறும்பு குடும்பத்தோடு வந்தது. எறும்புக்கு இவள் இன்னும் கொஞ்சம் மஞ்சள் தெளித்தாள்.

ஞாயிறு மிஸிஸ் ஹாரிஸ் வீடு பார்க்க வருகிறா. எங்கள் நிறத்தைக் கண்டு கதவைச் சாத்தாமல் வீடு தந்தவ அவ ஒருத்திதான். பிள்ளைத்தாச்சியோடு இனி எந்தக் கதவைத் தட்டுவேன்? பயமாக இருக்கிறது, அம்மா. நல்லூரில் ஒரு தேங்காய் உடையுங்கள். இது கைக்கு வரும்போது ஞாயிறு போயிருக்கும், பிந்தினாலும் உடையுங்கள்.

உங்கள் ஆசியை எப்போதும் வேண்டும்,
மகன்
அரியரத்தினம்

பி.கு.: தபாலில் போட முன்னமே மிஸிஸ் ஹாரிஸ் வந்துவிட்டா. அலுமாரியைப் பார்த்தா, சட்டைகளைப் பார்த்தா, கதிரையில் அமர்ந்து முகத்தைப் பொத்தினா. தோள் குலுங்கியது. அழுகிறா என்று தண்ணீர் கொண்டு ஓடினேன், சிரிக்கிறா! கலியாணத்துக்கு மாமியார் தந்த அலுமாரியாம். சனிக்கிழமைதோறும் மாமியார் வந்து விரலால் தூசி தடவிப் பார்ப்பாவாம். "இருபது வருடம் என்னால் முடியாததை நீ செய்துவிட்டாய்" என்று இரஞ்சிதத்தைக் கட்டிப்பிடித்தா. பிள்ளை வளரும்வரை இங்கேயே இருக்கச் சொன்னா. பிறகு இருவரும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் கதைத்தார்கள். இவளுக்கு இவ்வளவு இங்கிலீஷ் வரும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "இஞ்சருங்கோ, மாமி தன்ர பெட்டகத்தைக் கப்பலில அனுப்புறன் எண்டவா. வேண்டாமெண்டு இண்டைக்கே எழுதுங்கோ."

எழுதிவிட்டேன்.