மாத்திரை கிடைக்காத கூண்டு

அன்புள்ள பிரைட்டன் சித்தப்பாவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல்: இதை யாருக்கும் காட்டாதீர்கள். சித்திக்கும் வேண்டாம், அவர்கள் அம்மாவிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். கர்த்தருடைய கிருபையால் இங்கு எல்லாரும் சுகம் என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை. உங்களோடு பேசக் கூடாதென்று என் போனை அப்பா பிடுங்கி வைத்துவிட்டார். அதனால்தான் எல்லாரும் தூங்கியபின் தாளில் எழுதுகிறேன்.

எல்லாம் உங்களால்தான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் பேச உங்களுக்கு வேறு விஷயமே இல்லையா? பெங்களூர் ஆய்வகத்தில் முயல்களின் ஜீனைத் திருத்தி, ரத்தத்தில் கொழுப்பைத் தேங்கவைத்திருப்பதாகச் சொன்னீர்கள். சரி. "நம்ம குடும்பத்துல இருக்க அதே கோளாறுதாம்ண்ணே. நம்ம அப்பா சின்ன வயசுலயே நெஞ்சப் பிடிச்சிட்டுப் போனது இதாலதான்" என்று பிரியாணிக்கு நடுவில் ஏன் சொன்னீர்கள்? "ஏலே, என் பிள்ளய முயலோட சேத்தா பேசுத?" என்று எழுந்தவர்தான் அப்பா, உங்கள் பெயரைக் கேட்டால் இப்போதும் எழுந்துவிடுகிறார். இவர் பள்ளியில் அறிவியல் வாத்தியார்! மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டுபிடித்ததை வருஷாவருஷம் நடத்துகிறவர். பட்டாணியை நம்புவாராம், முயலை நம்பமாட்டாராம்.

அம்மா ரகசியமாக எனக்கு ரத்தம் பார்த்தார்கள். கொழுப்பு மிக அதிகம், மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். "மெடிக்கல் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிரும். பெறவு ஒன்ன எவன் கெட்டுவான்?" என்று அம்மா அந்தச் சீட்டை ஒளித்துவிட்டார்கள். நான் பத்தாம் வகுப்புதான் படிக்கிறேன்! மாத்திரைக்குப் பதிலாக பேக்கரி மக்ரூன். முட்டையில் மஞ்சள் கருதான் ஆகாதாம், மக்ரூனில் இருப்பது வெள்ளைக்கருதானாம். "பத்தியந்தானளா, தின்னு." அதில் உள்ள சீனியும் முந்திரியும் அம்மாவின் கணக்கில் வரவே வராது. போதாததற்கு, வாயில்லா ஜீவன்களுக்கு வியாதி கொடுக்கும் நீங்கள் மனந்திரும்ப வேண்டும் என்று கோயிலில் ஜெபக் குறிப்பும் கொடுத்தார்கள். சபையே ஆமென் சொன்னது. முயல்களை நினைத்து நானும் சொன்னேன்.

அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்த முயலுக்கு வாராவாரம் ரத்தம் பார்க்கிறீர்கள். நெஞ்சை ஸ்கேன் செய்கிறீர்கள். எனக்கு யார் பார்க்கிறார்கள்? ஒரு கூண்டுக்கு மருந்து கொடுப்போம், இன்னொன்றுக்குக் கொடுக்காமல் வித்தியாசம் பார்ப்போம் என்றீர்களே, நம் வீடும் அப்படித்தானே இருக்கிறது? அதே கோளாறுக்குத் தினமும் மாத்திரை விழுங்குகிற நீங்கள் ஒரு கூண்டு. நானும் அப்பாவும் இன்னொன்று. அப்பா இப்போது மாடிப்படியில் பாதியில் நின்று நெஞ்சைத் தடவுகிறார். கேட்டால் கேஸ் என்று சோடா குடிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, சித்தப்பா. நீங்களாவது கோபத்தை விட்டுவிட்டு ஒருமுறை வாருங்கள். சித்திக்கு என் அன்பு. முயல்களுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அவைகளிடம், ஜெப்ஸி ஆமென் சொன்னது உங்களுக்காகத்தான் என்று

ஐயோ, கதவைத் தட்டுகிறார்க

பி.கு.: அப்பாதான். தாளைப் பிடுங்கி முழுவதும் படித்தார். அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "ஏளா, அந்தப் பட்டாணி வரிய மட்டும் அடிச்சிரு" என்றார். கொஞ்ச நேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எந்த டாக்டர்ட்ட போணும், என்ன மாத்திரைன்னு அவன்ட்ட கேட்டு எழுது. ஒனக்குத்தான் கேக்கேன்" என்றார்.

சித்தப்பா, பதிலில் இரண்டு பேருக்கு என்று எழுதுங்கள்.