ஃப்ரீசர் பாக்ஸுக்கு நாற்பத்தொரு முகம்

கும்மிடிப்பூண்டி,
வைகாசி 9

பிரியத்துக்குரிய மாப்பிள்ளை பாஸ்கருக்கு, உன் தாய்மாமன் முனிகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. இங்கே வெயிலைத் தவிர எல்லாரும் அளவோடு இருக்கிறோம். பெங்களூரில் நீயும் உன் வேலையும் சேதாரமில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

விஷயம் என்னவென்றால், நம் ஊர் நலச் சங்கத்துக்கு நீ இனாமாகச் செய்துகொடுத்த வெப்சைட்டைக் கொன்றுவிட்டார்கள். ஒரே பக்கம்தான் அது. 'இறந்தவரை வைக்க ஃப்ரீசர் பாக்ஸ் இலவசம், கூப்பிடுங்கள்' என்று ஒரு வரி, கீழே என் போன் நம்பர். நாலு வருஷம் அதுவே போதுமாயிருந்தது. தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசாக்காரர்கூட நம்பரை அழுத்தினார், பெட்டி போய்ச் சேர்ந்தது.

போன மாசம் தலைவர் மணவாளன் திடீரென்று, "சைட்டு மொட்டையா கீதுப்பா, நம்ம யாருன்னே தெர்ல" என்றார். எழவு வீட்டுக்காரனுக்கு நாம் யாரென்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். கமிட்டியே என்னை முறைத்தது. வேலையைக் கவரைப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற தீனாவிடம் கொடுத்தார்கள். அவன் வெப்சைட்டையும் பத்துக்கு இருபது சைஸில்தான் யோசித்தான். மேலே தலைவர் முழு உருவமாக செல்போனில் பேசிக்கொண்டே நடந்து வருகிறார், துணைத் தலைவர்கள் மார்பளவு, செயலாளர்கள் கழுத்தளவு, மற்றவர்களெல்லாம் தீப்பெட்டி சைஸ், மொத்தம் நாற்பத்தொரு முகம். யார் முகம் யாருக்கு மேல் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை. வேன் ஓட்டுகிற மோசஸ் முகம் மட்டும் அதில் இல்லை. போட்டோ எடுத்த அன்றைக்கு அவன் பெட்டி தூக்கப் போயிருந்தான். பின்னணியில் வெள்ளைப் புறா வேறு பறக்கவிட்டான் தீனா. பார்த்தவர்களில் பாதிப்பேர் இது எங்களுக்கே அடித்த கண்ணீர் அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள். பொதட்டூர்பேட்டைச் சம்பந்தி உன் அத்தைக்குப் போன் போட்டு, "எப்போ எடுக்குறாங்க?" என்று கேட்டிருக்கிறார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாஷ்டாவே முடிக்கலியே" என்றாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன் மாப்ளே. ஆனால் என் போன் நம்பரைக் காணோம்! தீனாவைக் கேட்டால், "இன்னா சார், ஃப்ளெக்ஸ்ல நம்பரு எப்பவும் அடி மூலையிலதான வரும்? போட்டுக்கீறேன் பாருங்க" என்கிறான். பார்த்தேன். அவன் கடை நம்பர்.

செவ்வாய்க்கிழமை ஆரம்பாக்கத்தில் ஹேமாவதி என்கிற பொண்ணின் அப்பா போய்விட்டார். உச்சி வெயில், அவள் தம்பி துபாயிலிருந்து மறுநாள்தான் வரமுடியும். அந்தப் பொண்ணு நாற்பத்தொரு முகத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் கிடைத்த ஒரே நம்பருக்குப் போட்டிருக்கிறது. தீனா, "பெட்டிலாம் நம்மகிட்ட இல்லம்மா, கண்ணீர் அஞ்சலி வேணும்னா ஒரு மணி நேரத்துல அடிச்சித் தரேன், போட்டோ அனுப்பு" என்றானாம். பெட்டி இங்கே சங்கத்து ஷெட்டில் சும்மாக் கிடந்தது. அவர்கள் பழவேற்காடு மீன் வண்டியை மறித்து ஐஸ் வாங்கி, பெத்த அப்பனை மீன் மாதிரி வைத்திருந்தார்கள். சாயங்காலம் நம் கமிட்டி மாலையோடு போய் நின்றது. "ஊட்ல பொணத்த வெச்சிக்கினு உங்க மூஞ்சிய எத்தினி தபா சார் பாக்குறது?" என்று கேட்டாள் ஹேமாவதி. நான் வெட்கத்தில் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். மணவாளன் அவள் தலைமேல் கை வைத்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். ராத்திரியே அது சைட்டில் ஏறிவிட்டது, 'சேவையில் நாங்கள்' என்று.

ஆகையால் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எல்லா முகத்தையும் தூக்கிவிட்டு, அந்தப் பழைய பக்கத்தையே திரும்ப ஏற்றிவிடு. இன்றைக்கே செய்.

உன் அம்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் பல்லும் சொல்லும் குறையாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
மாமன் முனிகிருஷ்ணன்

பி.கு: இப்போதுதான் கூட்டம் முடிந்து வந்தேன். மூன்று பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, நீயே படிக்காததாக வைத்துக்கொள். நடந்ததற்குப் பொறுப்பேற்று மணவாளன் விலகிவிட்டார், என்னை ஒருமனதாகத் தலைவராக்கிவிட்டார்கள். நிதானமாகப் பார்த்தால் தீனாவின் டிசைனில் குறையொன்றும் இல்லை. மேலே மணவாளன் நடந்து வருகிற இடத்தில் என்னை நடக்கவிடு. ஸ்டூடியோவில் எடுத்த படம் இதோடு வைத்திருக்கிறேன். இடம் மிச்சமிருந்தால் போன் நம்பரையும் போடு.