விட மறுத்த கியர் பொக்ஸ்

நட்டுகள் எல்லாம் நேற்றே கழன்று பால்மா டின்னுக்குள் கிடந்தன. ஆனாலும் கியர் பொக்ஸ் எஞ்சினை விடுவதாக இல்லை.

கிருஷ்ணராஜ் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். நேற்றுவரை அவர் கழற்றிய மிகப் பெரிய பொருள் மேசை விசிறி.

கார் அவருடைய தகப்பனாரின் மொறிஸ் மைனர். பெரியவர் பேத்தி சுபோதினியை மடியில் இருத்தி ஸ்டியரிங்கைப் பிடிக்கவிட்டு, "உன்ர கலியாணத்துக்கு நீ இந்தக் காரிலதான் கோயிலுக்குப் போவாய்" என்று சொல்வார். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண் திறந்தபோதும் காரைத்தான் கேட்டார். கிருஷ்ணராஜ், "ஓம் அப்பா, நான் பார்க்கிறன்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். சொன்னபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கார் வெள்ளவத்தைக் கடற்காற்றில் துருப்பிடித்துக்கொண்டே போனது.

இப்போது சுபோதினிக்கு அடுத்த மாதம் கலியாணம். எஞ்சின் எப்படியோ ஓடுகிறது, ஆனால் கிளச் இறுகிவிட்டது. அதை மாற்றுவதானால் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் பிரித்தே தீர வேண்டும். இறந்த மனிதருக்குக் கொடுத்த வாக்கு அந்த இடுக்கில் சிக்கிக் கிடந்தது.

மனைவி ஜெயராணி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"இன்னும் கழரேல்லையோ?"

"துரு பிடிச்சுக் கிடக்கு. கொஞ்சம் பொறும்."

"நேற்று ராகு காலத்தில தொடாதேங்கோ எண்டு நான் சொன்னனான்."

"ராகுவுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, ஜெயராணி. நீர் போய்ச் சமையலைப் பாரும்."

ஜெயராணி தேத்தண்ணியை மட்கார்டின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் வாதாடாமல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ரிம்ஸான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். டயர் கடை வைத்திருப்பவர். அதனால் காரின் மற்றப் பாகங்களைப் பற்றியும் தயங்காமல் பேசுவார்.

"என்னண்ணே, பிரச்சினையா?"

"எல்லா நட்டும் கழட்டியாச்சு. அசையுதில்லை."

"எண்ணெய் அடிச்சீங்களா?"

ரிம்ஸான் இந்தப் பக்கம் வர, இருவருமாக அடித்தார்கள். ஸ்பேனர் மட்டும் எட்டும், கை போகாத பின்பக்க மூலைக்கு, விளக்குமாற்று ஈர்க்குகளின் நுனியில் துணியைச் சுற்றி, எண்ணெயில் தோய்த்து விட்டுத் துழாவினார்கள். துணி சிவப்பாக வெளியே வந்தது.

"பாத்தீங்களா! துரு," என்றார் ரிம்ஸான். "இதுதான் புடிச்சிக்கிட்டு இருக்குது."

கிருஷ்ணராஜ் துணியை வாங்கி அந்தச் சிவப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவின் காரை இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டதற்கு அதுவே சாட்சி என்று பட்டது.

அடுத்ததாக இரும்பு அலவாங்கு வந்தது. இடுக்கில் நுனியைச் செருகி இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். டக் என்று ஒரு சத்தம்.

"வந்திட்டுது!" என்றார் கிருஷ்ணராஜ்.

வந்தது உண்மை. கியர் பொக்ஸின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு உடைந்து அவர் மடியில் வந்து விழுந்தது.

"அது ஒட்டிக்கலாம், அண்ணே. பயப்படாதீங்க. மேல தூக்குவோம், சொந்தப் பாரத்துலயே கழண்டுரும்."

ரிம்ஸானின் கடையிலிருந்து பாரம் தூக்கும் செயின் புளொக் வந்தது. அதைப் போர்ட்டிகோக் கூரையைத் தாங்கும் வளையில் மாட்டி, எஞ்சினைக் கட்டி இழுத்தார்கள். எஞ்சின் மெல்ல உயர்ந்தது. கூடவே கியர் பொக்ஸும் உயர்ந்தது. அது உள்ளே எங்கேயோ கொழுவிக்கொள்ள, காரும் உயர்ந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பி, மொறிஸ் மைனர் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் நின்றது.

"இறக்குங்கோ, இறக்குங்கோ!"

இறக்குவதற்குள் வளை வெடித்தது. கார் தொப்பென்று கீழே இறங்க, சீமெந்து பாளம் பாளமாகக் கழன்று அதன்மேல் விழுந்தது.

ஜெயராணி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "எல்லாத்தையும் கழட்டிப் போட்டுத்தானே இழுக்கிறியள்?"

"கழட்டாமலா இந்தப் பாடு படுறன்!" என்று கத்தினார் கிருஷ்ணராஜ்.

"அப்ப சரி," என்று அவள் யன்னலைச் சாத்தினாள்.

இனி மிச்சம் இருந்தது ரிம்ஸானின் வான். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினில் கயிற்றைக் கட்டி, வானை ஒழுங்கைக்குள் விட்டு முன்னால் இழுப்பது என்று முடிவானது. ஒழுங்கைச் சனம் வேலிக்கரையில் கூடியது. யாரும் சிரிக்கவில்லை. சாவீட்டில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வான் உறுமியது. கயிறு விறைத்தது. கற்கள் விலகின. எஞ்சின், கியர் பொக்ஸ், கார் மூன்றும் ஒரே குடும்பமாகப் புறப்பட்டு வந்து கேற்றுத் தூணில் மோதின. தூண் ஒழுங்கைக்குள் சரிந்தது.

புழுதி அடங்கியபோது சுபோதினி வாசலில் நின்றாள். சரிந்த தூணைத் தாண்டி வந்து தகப்பனின் தோளில் கை வைத்தாள்.

"அப்பா, காணும். விடுங்கோ. ஒரு கார் வாடகைக்கு எடுப்பம். அப்பப்பா கோவிக்கமாட்டார்."

அந்தச் சொல்லுக்குக் கிருஷ்ணராஜ் உடைந்துபோனார். பழைய டயர் ஒன்றின்மேல் குந்தி, கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அவருக்கு நான் செய்யவேண்டியது இது ஒண்டுதான் பிள்ளை. இதுகூட என்னால ஏலாமப் போச்சு."

ரிம்ஸான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வேலிக்கரைச் சனம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

ஜெயராணி பின்னேரத் தேத்தண்ணியோடு வந்தாள். புருஷன் அழுவதைக் கண்டதும் அவளுக்கும் கண் கலங்கியது. கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அப்படி என்னதான் இறுகிக் கிடக்கிறது என்று அன்று முதல்தடவையாகக் குனிந்து எஞ்சினின் பின்மூலைக்குள் எட்டிப் பார்த்தாள். வளையல் போட்ட மெலிந்த கையை உள்ளே விட்டுத் தடவினாள். வெளியே எடுத்த விரல் நுனியில் சிவப்பு.

"என்னப்பா இது," என்றாள் ஜெயராணி, "ராகு காலத்தில கழட்டினது பிள்ளைக்குக் கூடாது, நல்ல நேரத்தில முதலில இருந்து துவங்கட்டும் எண்டு, நேற்று நீங்கள் குளிக்கேக்கை நான் ஒரு நட்டைத் திரும்பப் பூட்டி இறுக்கிக் குங்குமமும் வைச்சனான், நீங்கள் அதை இன்னும் கழட்டவே இல்லையோ?"