தட்டிக்குப் பின்னால் விழுந்த கட்டைகள்

வரைபடத்தில் தேட வேண்டாம். மடிப்பு விழுந்து கிழிந்துபோன இடத்தில்தான் இருக்கிறது கட்டாங்காடு என்னும் நாடு. அங்கே சட்டசபை கிடையாது, நீதிமன்றம் கிடையாது. ஒரு வட்ட மேசை, அதற்கு ஓர் ஆட்டத்தலைவர், விதிகளைச் சொல்ல ஒரு மந்திரி, அவ்வளவுதான் அரசாங்கம். நிலைமை இன்னதென்று தலைவர் கதையாகச் சொல்வார். குடிமக்கள் தாங்கள் செய்யப்போவதைச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தாயக்கட்டையை உருட்டுவார்கள். எண்ணைப் பார்த்து, நடந்தது இன்னதென்று தலைவர் சொல்வார். அவர் சொல்லிவிட்டால் நடந்தது நடந்ததுதான். கட்டை மட்டும் தலைவருக்கு முன்னால் நிற்கும் மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் விழ வேண்டும். எண்ணை அவர் ஒருவரே பார்ப்பார். மக்களுக்கு வீண் கவலை எதற்கு என்று முன்னோர் செய்த ஏற்பாடு.

கீழக்கரை மதுரவல்லிக்கோ கவலை இருந்தது. மதகு மூடிக் கிடந்தது, நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் பதினைந்து நாள் தாங்கினால் பெரிய விஷயம். அந்த நாற்றுப் போனால் வருஷத்துக்குச் சோறு போச்சு.

"மதகைத் திறக்கப் போறேன் சாமி," என்றாள் மேசையில்.

ஆட்டத்தலைவர் அகோரமூர்த்தியார் தொண்டையைச் செருமினார். "மதகின்மீது ஏழுதலை நாகம் ஒன்று உறங்குகிறது."

"நேத்துகூட அங்கதான் குளிச்சேன். ஒரு தண்ணிப்பாம்பைக்கூடக் காணோமே!"

"உருட்டுக."

உருட்டினாள். தட்டிக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு வந்தது. "பன்னிரண்டு. அந்தோ, தோல்வி!"

"பன்னெண்டு விழுந்தா நல்லதாச்சே சாமி?"

விதிமந்திரி கருடப்பன் எழுந்தார். "இன்று காலை முதல் சிறிய எண்ணே சிறந்த எண். அரசாணை."

மறுநாள் அவளுக்கு ஒன்று விழுந்ததாம். ஒன்றைவிடச் சிறியது கட்டையிலேயே கிடையாது. "அந்த ஆணை நேற்று மாலையோடு காலாவதி," என்றார் கருடப்பன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்று ஊரெல்லாம் முணுமுணுப்பு. அகோரமூர்த்தியார் நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையிலேயே மனம் நொந்துபோனார். சிறந்த ஆட்டத்தலைவர் ஆவது எப்படி என்று ஆராயக் குழு போட்டார். குழுவுக்குத் தலைவர் அவரே.

முதல் சீர்திருத்தம், வர்ணனை. நாகத்தின் முதல் தலையை மட்டும் காலையிலிருந்து மத்தியானம் வரை வர்ணித்தார். மூன்றாம் தலைக்கு வருவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. அதற்கப்புறம் சுதந்திரம் வழங்கினார்.

"மதகுக்கு இனி இரண்டு பாதைகள். குடிமக்கள் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம்!"

"இடதுபக்கம் போறேன்," என்றாள் மதுரவல்லி.

"நாகம்."

"சரி, வலதுபக்கம்."

"நாகத்தின் வால். அது விழித்துக்கொண்டது. நீதான் மிதித்தாய்."

அடுத்து வந்ததுதான் கொடுமை. ஒவ்வொரு வர்ணனைக்கும் எல்லோரும் கை தட்டியே ஆக வேண்டும். இரண்டு கையும் தட்டுவதிலேயே இருந்தால் கட்டையை எந்தக் கையால் உருட்டுவது? ஒரு வாரம் யாரும் எதையும் உருட்டவில்லை. குறைகளே இல்லாத வாரம் என்று கருடப்பன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் காலையில் நாற்று மஞ்சள் பூத்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள் மதுரவல்லி. அழுது முடித்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மேசைக்குப் போனாள். தட்டியைப் பிடுங்கி எறிந்தாள்.

அடடா, அந்தக் காட்சியை என்னவென்று சொல்ல! ஊரார் உருட்டிய கட்டையெல்லாம் குவிந்து கிடக்க, அதன்மேல் தலைவரின் பூனை சுருண்டு படுத்திருந்தது. அதை எழுப்பி எண்ணைப் பார்த்தவர் ஒருவருமில்லை. தலைவர் கையில் ஒரு பழைய ஏடு. பிடுங்கிப் படித்தாள். "கீழக்கரையிலிருந்து ஒருத்தி வருவாள். பன்னிரண்டு போடுவாள். தோற்பாள்." கடைசிப் பக்கத்தில், "மதகு மூடியே இருந்தது. மக்கள் மகிழ்ந்தனர்."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு மேசை சிரித்தது, தெரு சிரித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரே உருண்டது. சிரித்தபடியே போய் மதகைத் திறந்தார்கள். நாகமாவது ஒன்றாவது! சிரித்தபடியே மதுரவல்லியைத் தூக்கி வந்து தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அகோரமூர்த்தியாரும் ஓரமாக உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கட்டையை உருட்டிப் பார்த்தார். மூன்று விழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி பூரித்துப்போனார்.

"இனிமே கதை நீங்க சொல்றதுதான்," என்றாள் மதுரவல்லி. "கட்டை எல்லார் கண்ணு முன்னாலயும் உருளும். பெரிய எண்தான் நல்ல எண், எந்நாளும்."

அப்படியே நடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது, பாலத்துக்குப் பலகை வந்தது. தோற்றவர்கள்கூடத் தங்கள் எண்ணைத் தாங்களே பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். எத்தனை சந்தோஷமான ஒன்றரை மாதம் அது!

மதுரவல்லியின் வயலிலும் நடவு முடிந்தது. பிழைத்த நாற்று பச்சை பிடிக்க இன்னும் மூன்று நாள் தண்ணீர் நிற்க வேண்டும். அன்றைக்குத்தான் பள்ளக்காட்டுச் சடையாண்டி மேசைக்கு வந்தார்.

"எள்ளுக்காடு முழுகிப்போச்சு தாயி. மதகை மூணு நாளைக்கு மூடப் போறேன்."

கட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். மதுரவல்லி அந்தக் கையையே பார்த்தாள். காய்ந்த நாற்றங்கால் கண்முன் வந்தது.

"இருங்க அண்ணே," என்றாள். "வெயில் கண்ணைக் கூசுது."

வெளியே மேகமூட்டம். ஆனாலும் அவள் சொல்லி முடிப்பதற்குள் கருடப்பன் மூங்கில் தட்டியோடு வந்து நின்றார். கொல்லையில் பத்திரமாகச் சாத்தி வைத்திருந்தாராம்.

"சின்னதா மடிச்சு வைங்க, போதும்," என்று மோவாய் உயரத்துக்குக் கையைக் காட்டினாள்.

கட்டை அந்தப் பக்கம் விழுந்து உருண்டு நின்றது. மதுரவல்லி குனிந்து பார்க்கவில்லை. பூனை எங்கிருந்தோ வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது.

"அண்ணே," என்றாள் மெல்ல, "மதகு மேல ஒரு நாகம் படுத்திருக்கு."

கருடப்பன் குறிப்பேட்டைத் திறந்தார். "எத்தனை தலை அம்மா?" என்று கேட்டார்.